இருநூறில் சுட்ட சக்கரங்கள்

என் கணவருக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று அவருடைய யாழ்ப்பாணத் தமிழ். மற்றது அவருடைய காரின் சக்கரங்கள். முதலாவதைப் பற்றி எங்கள் வீட்டில் தினமும் வாக்குவாதம் நடக்கும். அவருடைய 'எண்டு' தமிழா, என்னுடைய மலையகத்து 'என்னா' தமிழா என்று சோறு ஆறும்வரை மல்லுக்கட்டுவோம். இரண்டாவதைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்க முடியாது.

கார் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்து உதவி மனேஜர், சின்னத்துரை என்போம், மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன வெள்ளை நிற ஜப்பான் கார். உடம்பெல்லாம் வயது தெரியும். ஆனால் சக்கரம் நான்கும் அலோய் வீல், ஐந்து விரலை விரித்த மாதிரி, வெள்ளிப் பூச்சோடு பளபளவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, பழைய பனியனை நனைத்துக்கொண்டு சக்கரங்களுக்கு முன்னால் குந்திவிடுவார். மூன்று சக்கரங்களை அழுத்தித் தேய்ப்பவர், முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு வந்ததும் ஒற்றை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தொட்டுத் துடைப்பார். அந்தச் சக்கரத்தின் மேல் அவருக்குத் தனிப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் லைசென்ஸ் இருந்தது. எடுத்து மூன்று வருஷம். முதல் தரமே பாஸ். அவர் இரண்டாம் தரம்தான் பாஸானார். இதை நான் அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவதில்லை, மாதத்துக்கு ஒரு தடவைதான். ஆனாலும் லைசென்ஸ் இருந்த இடம் அலுமாரியில், கலியாணச் சேலைக்கு அடியில். கார்ச் சாவி இருந்த இடம் அவருடைய காற்சட்டைப் பையில்.

"மலை ரோட்டில ஓடுறதெண்டா விளையாட்டில்லை. காண் ஓரம் தெரியோணும்," என்பார். காண் என்றால் ரோட்டோரத்துச் சீமெந்து வடிகால். "ரெண்டு வருசமா ஓடுறன். ஒரு கீறல்? காட்டும் பாப்பம்!"

காட்ட எனக்கு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு தரமும் நான்தான் வாயை மூடிக்கொள்வேன்.

வடக்குப் பாதை திறந்து ஆட்கள் போய்வர ஆரம்பித்திருந்த காலம் அது. நாங்கள் நானுஓயா ரயில் நிலையத்துக்குக் கிட்ட, நுவரெலியா ரோட்டில் குடியிருந்தோம். அவருக்கு நுவரெலியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த ஓகஸ்ட் லீவு தொடங்கும்போது கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு என் பெயர் சிபாரிசாகியிருக்கிறதாம். லிந்துலையிலிருந்து வட்டகொடைக்கு மேலே இருக்கிற தோட்டங்கள்வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. பதினான்கு வருஷமாக ஒரே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: சொந்த வாகன வசதி உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். பாதித் தோட்டங்களுக்குக் காலையில் பஸ்ஸே கிடையாது. 'இல்லை' என்று போட்டால் பதவி, பட்டியலில் எனக்கு அடுத்ததாக இருக்கிற மோட்டார் சைக்கிள்காரருக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்தப் பெட்டிகளை மட்டும் வெறுமையாக விட்டு வைத்தேன்.

என் கணவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்று கிழமை லீவு. வடக்கு ரோட்டுக் குழியில் சக்கரம் அடிபட்டுவிடும் என்று காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிற மனுஷன் அவர்.

"நான் வந்து உம்மட ஓட்டத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன். லீவு முடிஞ்சு வாற திங்கக்கிழமைதானே குடுக்கோணும்? நான் அதுக்கு முந்தின சனிக்கிழமை வந்திடுவன்," என்றார். "அதுவரைக்கும் கார் ஷெட்டை விட்டு வெளிய வரக்கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விட்டாக் காணும். விளங்கிச்சோ?"

"வெளங்கிச்சிங்க," என்றேன். விளங்கத்தான் செய்தது.

மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் செய்த காரைச் சும்மா நிறுத்தி வைத்தால் பெற்றோல் வீண்தானே என்று லிந்துலையில் இருக்கிற அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். போனதெல்லாம் அழகாகப் போனேன். திரும்பி வரும்போது ஒரு வளைவு முடக்கில், தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றின லொறி ஒன்று ரோடு முழுவதும் தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி வந்தது. இடது பக்கம் ஒதுங்கினேன். காணின் சீமெந்து விளிம்பு இரண்டு இடது சக்கரங்களையும் கரகரவென்று உரசிக்கொண்டு போனது. தேங்காய் துருவுகிற சத்தம்.

இறங்கிப் பார்த்தேன். லொறிக்காரர் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லைங்கம்மா, லேசாத்தான்," என்றார். வெள்ளிப் பூச்சு போய், இரண்டிலும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கீறல். லேசாகத்தான். ஆனால் ஒரு கீறல் காட்டச் சொன்னவருக்கு இப்போது இரண்டு இருந்தது. 'ஆம்' என்ற பெட்டி என் கண் முன்னாலேயே அடைபட்டுப் போனது.

மறுநாள் நானுஓயாவில் இருந்த டயர்க் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். சிங்களவர், என் கணவருக்கு வழக்கமாக வேலை செய்கிறவர். கீறலைப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு இடத்தில் ஸ்குரூட்றைவரால் தட்டினார். டொக்கென்று கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். மாத்தயா என்று அவர் சொல்வது என் கணவரை.

"மாத்தயா நல்லா ஓட்றது, நே மிஸ்?"

"ரொம்ப நல்லா ஓட்டுவாரு," என்றேன் கடுப்போடு. அந்த நேரத்தில் அவருடைய புகழ் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

சும்மா பெயின்ட் அடித்தால் கண்டுபிடித்துவிடுவார், பவுடர் கோட்டிங் செய்தால் புதுசாகவே இருக்கும் என்று யோசனை சொன்னது அப்பா. சக்கரத்தின் மேல் பவுடரைத் தூவி அடித்து, சூட்டில் வைத்தால் அது உருகித் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளுமாம். லிந்துலை ரோட்டிலேயே ஒரு கடை இருக்கிறதாம். கடைக்காரர் யார் தெரியுமா? அப்பா டீமேக்கராக இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் டிரையரில் வேலை பார்த்தவர். டிரையர் என்றால் புளித்த கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காயவைத்துக் கறுப்புத் தேயிலையாக்குகிற பெரிய இரும்புப் பெட்டகம். அந்த மனுஷனுக்குச் சூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றார் அப்பா.

காரை நான்கு கல் தூண்களில் ஏற்றி நிறுத்திவிட்டு, டயர் கழற்றின சக்கரங்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டை மட்டும் செய்தால் நிறம் காட்டிக்கொடுக்கும், அதனால் நான்கையும். கல்லில் நிற்கிற காரைப் பார்த்த அடுத்த வீட்டம்மா காரணம் கேட்டார். சேர்விஸ் என்றேன். மூன்று நாள் கழித்து வேறு ஆள் கேட்டபோதும் சேர்விஸ்தான் நடந்துகொண்டிருந்தது.

கடை ஒரு தகரக் கொட்டகை. வெளியே கேட்டுகளும் யன்னல் கிரில்களும் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்.

"கவலையே படாதீங்க டீச்சர். ஒரு சுடு சுட்டுட்டா ஒங்க பேரப்புள்ள காலத்துக்கும் அசையாது."

எனக்கு அப்போது பிள்ளையே இல்லை. ஆனாலும் பேரப்பிள்ளைவரை உத்தரவாதம் கிடைத்த சந்தோஷத்தில் வந்துவிட்டேன்.

நான்கு நாளில் சக்கரங்கள் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வெள்ளி. கிட்டப் பார்த்தால் உப்புமா மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. டயர்க் கடைக்காரர் டயரை மாட்ட இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரிப் பூச்சு கழன்று வந்தது. உள்ளே பழைய சேறு அப்படியே இருந்தது. சேற்றுக்கு மேல் பூசியிருக்கிறார்! சக்கரத்தைச் சமப்படுத்த ஓரத்தில் ஒட்டுகிற ஈயக்கட்டிகளைக்கூடக் கழற்றவில்லை, அவற்றுக்கும் சேர்த்து வெள்ளிக்கவசம். ஒரு இடத்தில் ஒரு சின்னப் பூச்சி. அதுவும் வெள்ளி.

நேரே லிந்துலைக் கடைக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு வாலுகளை அடக்குகிற குரலை எடுத்தேன்.

"என்னா வேலைங்க இது?"

"பனி டீச்சர். லிந்துலப் பனிக்கு எதுவுமே ஒட்டாது."

"இது இன்னும் பனியையே பாக்கல. இங்கயிருந்து நேரா டயர்க் கடைக்குத்தான் போனிச்சி."

"அப்ப டயர்க்காரன். கம்பிய விட்டு நெம்பியிருப்பான்."

"நெம்பாம டயர எப்பிடிங்க மாட்டுறது?"

"அதத்தானே சொல்றேன். நெம்புனா உரியத்தான் செய்யும்."

"சேத்துக்கு மேல அடிச்சிருக்கீங்களே?"

"அது ஜப்பான்காரன் போட்ட அடிப்பூச்சு டீச்சர்."

ஜப்பான்காரன் லிந்துலைச் சேற்றை எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்பதற்குள் எனக்குத் தேத்தண்ணி வந்துவிட்டது. சண்டைக்குப் போனவள் சீனி போதுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கோபத்தோடு திரும்பி வந்தேன், அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

நாட்கள் ஓடிவிட்டன. கோயில் கொடியிறங்கிவிட்டது, பாதி வழி பஸ்ஸிலும் மீதி ரயிலிலுமாகச் சனிக்கிழமை நானுஓயாவில் வந்து இறங்குவேன் என்று என் கணவர் போன் செய்தார். "கார் ஸ்டார்ட் எடுக்குதோ?" என்று கேட்டார். என்னைப் பற்றிய விசாரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வியாழக்கிழமை நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அப்பா.

டீமேக்கர் என்றால் ஒரு தொழிற்சாலையின் ராஜா. அந்தக் கடைக்காரர் பதினோரு வருஷம் அப்பாவின் முன்னால் கைகட்டி நின்றவர். அப்பா ஓய்வுபெற்ற பிறகும் மூக்கு மட்டும் ஓய்வுபெறவில்லை. சோறு, மீன், மருமகனின் புதுச் சட்டை எதுவானாலும் முகர்ந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். இவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பாதி நான் நினைத்த மாதிரியே நடந்தது. அப்பாவைக் கண்டதும் கடைக்காரர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு எழுந்தார்.

"ஐயா வாங்க, வாங்க."

"என்னாப்பா, என்னா வேல இது?" அப்பா உரிந்த பூச்சு ஒன்றை எடுத்தார். இரண்டு விரலால் நசுக்கினார். மூக்குக்குக் கொண்டு போனார். கண்ணை மூடினார். "பச்ச வாட அடிக்குது. வேகல."

"அதாங்கய்யா, எனக்கும் எறக்கும்போதே வாசம் சரியில்லன்னு பட்டிச்சி."

"பட்டா ஏன்யா எறக்குன?"

"டீச்சர் அவசரம்னு சொன்னாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே பவுடர் சுடுகிற அடுப்பு. அப்பா அதைப் பார்த்ததும் நின்றார்.

"அட, நம்ம மூணாம் நம்பரு!"

ஆமாம். பூட்டிப்போன தொழிற்சாலையின் பழைய இரும்பை விற்றபோது, கடைக்காரர் தான் வேலை பார்த்த டிரையரையே வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே கொக்கி மாட்டி, பவுடர் அடுப்பாக்கியிருந்தார். அடுத்த அரை மணி நேரம் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், விசிறியைச் சுற்றினார்கள். எந்தப் பக்கத்துச் சங்கிலி எப்போதும் இறுகும் என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

"அப்பா, நாம சண்ட போட வந்தோம்," என்றேன்.

"இரும்மா."

அப்பா கட்சி மாறிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. ஆத்திரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அந்த டிரையரைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் பக்கவாட்டில் இருந்த வெப்பமானி கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் காலத்து வட்ட முகம். நடுவில் ஒரு பெரிய எஃப். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் படிப்பிக்கிற பாடம்.

"இத எவ்வளவுக்கு வச்சுச் சுட்டீங்க?"

"இருநூறுங்க டீச்சர். பவுடர் பெட்டியில போட்டிருக்கிற மாதிரியே."

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். இருநூறுதான். ஆனால் பெட்டியில் இருந்தது செல்சியஸ், டிரையரில் இருந்தது ஃபாரன்ஹைட். டிரையரின் இருநூறில் லிந்துலையில் தண்ணீர்கூடக் கொதிக்காது. அந்தச் சூட்டில் தேயிலை அருமையாகக் காயும். பவுடர் லேசாகக் கிறங்கி உட்காரும், அவ்வளவுதான்.

விளக்கிச் சொன்னேன். கரித்துண்டால் தகரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"முப்பது வருசம் இருநூறுலதான் போட்டேன். லண்டனுக்கே போச்சி. கொற சொன்னவன் ஒருத்தன் கெடையாது," என்றார் அப்பா. அவருடைய முகம் சிவந்திருந்தது.

"தேயிலைக்கு இருநூறு சரிங்கப்பா. நீங்க போட்டதுல ஒரு கொறையும் இல்ல. இது இரும்பு."

"அலோய்னு சொன்ன?"

கடைக்காரர் தகரத்தில் இருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் மூணு வருசமா சுட்ட கேட்டெல்லாம்?"

"அரவேக்காடு," என்றேன்.

"கோயில் கேட்டுமா டீச்சர்?"

"கோயில் கேட்டும்தான்."

"ஐயோ, பனிமேல பழி போட்டேனே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு கிரில் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அதுவரை இருந்த கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. ஏமாற்றுக்காரர் என்று நினைத்த மனுஷன் உண்மையாகவே பனியைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் சேற்றுக்கு எந்த வெப்பமானியும் பொறுப்பில்லை, அதை நான் மறக்கவில்லை.

மறுபடியும் சுட்டுத்தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கம்பித் தூரிகையால் சுரண்டினோம். உரிந்த இடங்களையெல்லாம் கடைக்காரர் கச்சிதமாகச் சுரண்டினார். உரியாத இடங்களைத் தடவிப் பார்த்து, "இது நல்லாப் புடிச்சிருக்கு" என்று அப்படியே விட்டார். வேலையில் அவருடைய சுபாவம் ஒரு நாளில் மாறுமா? நானும் விட்டுவிட்டேன். மறுநாள் ரயில் வருகிற அவசரத்தில் எனக்கு எல்லாமே நல்லாப் பிடித்த மாதிரித்தான் தெரிந்தது.

புதிதாகப் பவுடர் அடித்து உள்ளே தொங்கவிட்டு, அடுப்பை மூட்டினார்கள். எனக்கு வேண்டிய சூடு டிரையரின் கணக்கில் நானூறுக்குக் கிட்ட. வெப்பமானியில் முந்நூறுக்கு மேல் எண்ணே இல்லை. முள் கடைசி ஆணியில் போய் முட்டிக்கொண்டு நடுங்கியது.

"இனி எப்பிடிங்கப்பா தெரியும்?" என்றேன்.

"மூக்கு எதுக்கு இருக்கு?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முகர ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு தரம் உள்ளே புகை வந்தது. டிரையரின் மூலை முடுக்கெல்லாம் பழைய தேயிலைத் தூசு ஒட்டிக் கிடந்திருக்கிறது. அத்தனை வருஷம் சும்மா கிடந்தது, இந்தச் சூட்டில் வறுபட்டுக் காற்றில் கிளம்பிவிட்டது. "ஆஹா, வாசத்தப் பாரு!" என்றார் அப்பா. கடைக்காரர் தலையாட்டினார். நான் இரண்டு பேரையும் டிரையருக்குள் போட்டுக் கதவைச் சாத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே எடுத்தோம். இந்தத் தடவை பூச்சு வழவழவென்று உருகிப் பிடித்திருந்தது. நகத்தால் கீறினேன், வரவில்லை. ஆனால் வெள்ளிக்கு நடுவில் மிளகுத் தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள். தேயிலைத் தூசு பவுடரோடு சேர்ந்து வெந்துவிட்டது. அதோடு, முன்பக்கத்து இடது சக்கரத்தின் விளிம்பில் பூரி உப்பின மாதிரி ஒரு கொப்புளம்.

"இது என்னா?"

"காத்து டீச்சர். ஓட ஓட எறங்கிரும்."

அப்பா குனிந்து கொப்புளத்தை முகர்ந்தார். "நல்ல பீக்கோத் தேயிலை வாசம்," என்று சான்றிதழ் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் டயர்க் கடைக்காரர் வந்து சக்கரங்களை மாட்டினார். கொப்புளத்தைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"மிஸ், மாத்தயா கேட்டா, நான் ஒண்ணும் சொல்லல்ல. நே?"

பூச்சுக் கெட்டுப்போனதற்குத் தன் மேல் பழி வரும் என்று பயப்படுகிறார் என்று நினைத்து, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு கொஞ்சம் சேற்றை எடுத்துக் கொப்புளத்தின் மேல் பூசினேன். சேற்றுக்கு மேல் பூச்சு, பூச்சுக்கு மேல் சேறு.

ரயிலடிக்கு நானே காரைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்திருந்தேன். எப்படியும் அகப்படத்தான் போகிறேன். ஓட்டிக்கொண்டு போய் அகப்பட்டால், ஓட்டத் தெரியும் என்பதாவது சாட்சியாகும். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இடது பக்கம் மதிலைப் பார்க்கிற மாதிரிக் காரை நிறுத்தினேன். ரயில் வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிள்காரர் வட்டகொடைக்கு மேலே என் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்வருவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

என் கணவர் ஒரு கையில் பனையோலைப் பெட்டியும் மறுகையில் முருங்கைக்காய்க் கட்டுமாக இறங்கி வந்தார். காரைக் கண்டதும் நின்றார்.

"கார் இஞ்ச என்னெண்டு வந்தது?"

"நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. முருங்கைக்காயை என் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று காரைச் சுற்றிப் போனார். பின்சக்கரத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்க்கவில்லை. மதிலுக்கும் காருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு நேராக முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு முன்னால் போய்க் குந்தினார்.

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. நான்கு சக்கரம் இருக்கும்போது இவர் ஏன் ஒன்றை மட்டும் தேடிப் போகிறார்?

விரலால் சேற்றைத் துடைத்தார். கொப்புளத்தைத் தொட்டார். அது பொலுக்கென்று உடைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டித் துண்டு அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். காரின் பள்ளம் அடைக்கப் பூசுகிற பட்டி. அது விழுந்த இடத்தில், சக்கரத்தின் விளிம்பு நான்கு விரல் அகலத்துக்குக் கடித்து எடுத்த மாதிரி சிதைந்திருந்தது.

என் கீறல் அங்கே இல்லை. என் கீறல் அதே சக்கரத்தில் நேர் எதிர்ப் பக்கத்தில்.

டொக்கென்று கேட்ட ஸ்குரூட்றைவர் ஞாபகம் வந்தது. ஒற்றை விரல் துணி ஞாபகம் வந்தது. மாத்தயா நல்லா ஓட்றது, நே மிஸ்?

"என்னங்க இது?" என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"நான் உரசினது அந்தப் பக்கம். கொழுந்து லொறிக்கு ஒதுங்குனேன், காண்ல பட்டிருச்சி. நாலையும் பவுடர் கோட்டிங் பண்ணுனேன், அதான் புள்ளி புள்ளியா இருக்கு. என்னோட கதை அவ்வளவுதான். இது யாரோடது?"

"நாயொண்டு," என்றார்.

"நாயா?"

"குறுக்கால வந்தது."

"எந்த ரோட்டுல?"

உள்ளங்கையில் கிடந்த பட்டித் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "கச்சேரி வளவுக்குள்ள," என்றார் பிறகு. "நிப்பாட்டேக்க."

மலை ரோட்டில் இல்லை, காரை நிறுத்தும்போது! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முருங்கைக்காயை அணைத்துக்கொண்டு, ரயிலடி என்றும் பார்க்காமல் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கோபம் வந்தது, நல்ல கோபம். இரண்டு வருஷம் இந்த மனுஷன் ஒரு கீறல் காட்டச் சொல்லிச் சவால் விட்டிருக்கிறார், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"என்ர லைசென்ஸ் சேலைக்கு அடியில கெடந்திச்சிங்க," என்றேன். ஆத்திரத்தில் அவருடைய 'என்ர' என் வாயில் வந்துவிட்டது. அதை அவர் கவனித்தாரோ தெரியாது, நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்த லிந்துலைக் கடைக்காரர் முறையாக வேலை தெரிந்த ஆளாக இருந்திருந்தால், பழைய பூச்சையும் பட்டியையும் முதல் நாளே சுரண்டி எறிந்துவிட்டு, பள்ளத்தை ஒழுங்காக அடைத்து, நான்கு சக்கரத்தையும் கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்திருப்பார். என் கணவர் வந்து பார்த்து, தன்னுடைய குட்டு என்றைக்கும் வெளிவராது என்ற நிம்மதியோடு என்னைப் பிடித்து ஏசியிருப்பார். நல்லாப் பிடித்திருக்கிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்ட சோம்பேறித்தனத்துக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் எழுந்தார். முழங்காலைத் தட்டினார். வலது பக்கம் ஓட்டுநர் ஆசனம். அந்தப் பக்கம் போவார் என்று நான் சாவியை நீட்டினேன். அவர் இடது பக்கக் கதவைத் திறந்து, பனையோலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் படிவம் எங்க?" என்றார், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டி மேல் படிவத்தை வைத்து, 'ஆம்' என்ற பெட்டிக்குள் ஒரு சரி போட்டார். கச்சேரி உத்தியோகத்தர் போடுகிற அழுத்தமான சரி.

ரயிலடி வாசலைத் தாண்டும்போது அவரால் பொறுக்க முடியவில்லை.

"காண் ஓரம் பாத்து ஓட்டும்."

"சரிங்க," என்றேன். "நீங்க அனுபவப்பட்டவங்க."

அந்தப் புள்ளிச் சக்கரங்களிலேயே ஆறு வருஷம் மலை மலையாக ஏறி இறங்கினேன். வெயில் நாளில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால் லேசாகத் தேயிலை வாசம் வரும். லிந்துலைக் கடைக்காரர் கோயில் கேட்டை இலவசமாகத் திரும்பச் சுட்டுக் கொடுத்தார் என்று அப்பா சொன்னார். சுடும்போது அப்பாதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாராம்.

பட்டித் துண்டை நான் காருக்குள், சாவி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்ன அறையில் போட்டு வைத்தேன். என் ஓட்டத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், ஒன்றும் பேசாமல் அந்த மூடியைக் கொஞ்சம் திறப்பேன். அவர் உடனே யன்னல் பக்கம் திரும்பித் தேயிலைச் செடியை ரசிக்க ஆரம்பித்துவிடுவார்.

காரை விற்றபோது, வாங்கின ஆளிடம் சாவியை அவர்தான் கொடுத்தார். அதற்கு முன் நான் போய் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டேன். இப்போது அது அலுமாரியில், என் லைசென்ஸ் இருந்த அதே இடத்தில், கலியாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது.